ஒரு சொல் மிச்சம்

வியாழக்கிழமை வந்துவிட்டால் பெரில் ஸ்டாக்டேலுக்குக் கால் தரையில் நிற்காது. கிரேட் எய்ட்டன் பள்ளிச் சமையலறையில் மதியம் அத்தனை பிள்ளைகளுக்கும் உருளைக்கிழங்கு மசித்துப் போட்டுவிட்டு, வீட்டுக்குப் போய்க் குளித்து, இருப்பதிலேயே நல்ல கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு, ‘மூன்று பீப்பாய்’ பப்பின் மூலை மேசைக்கு முதல் ஆளாக வந்து உட்கார்ந்துவிடுவாள். வயது ஐம்பத்தெட்டு. பிள்ளைகள் இரண்டும் வேலை தேடித் தெற்கே போய்விட்டன. புருஷன் அதற்கு முன்பே போய்விட்டான். மேலோகத்துக்கு இல்லை, லீட்ஸுக்கு, அங்கே ஒருத்தியோடு. இப்படிப்பட்டவள் வியாழக்கிழமைக்காக எதற்கு இத்தனை துள்ளுகிறாள் என்று கேட்டால், குறுக்கெழுத்து என்று ஊரே சொல்லும். பெரிலும் அதைத்தான் சொல்வாள். அது பாதி உண்மை. மீதிப் பாதிக்கு லயனல் என்று பெயர்.

லயனல் ஹார்ட்லி பியானோக்களுக்குச் சுருதி சேர்க்கிறவர். மனைவியை இழந்து பல வருடம் ஆனவர். நீளமான விரல்கள், அதைவிட நீளமான மௌனம். பேசினாலும் சுற்றி வளைத்துத்தான் பேசுவார். மழை பெய்கிறது என்பதைக்கூட “குடைக்காரனுக்கு இன்னிக்கு நல்ல நாள்” என்றுதான் சொல்வார். அப்படிப்பட்டவருக்கு அந்த மேசை சொர்க்கம் மாதிரி.

மேசையில் இன்னும் இரண்டு பேர். மார்ஜரி, நாற்பது வருடம் ஆட்டுக்கும் மாட்டுக்கும் வைத்தியம் பார்த்து ஓய்வு பெற்றவள். மெதுவாகப் பேசுவது என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது. கிளைவ், பஸ் ஓட்டுகிறவன். போகிற இடமெல்லாம் செங்கல் கனத்தில் ஓர் அகராதியைத் தூக்கிக்கொண்டு போவான். மார்ஜரியும் கிளைவும் ஒரே பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள், அன்றைக்கு ஆரம்பித்த சண்டை இன்னும் முடியவில்லை.

இவர்கள் போடுவது பல் டாக்டரிடம் காத்திருக்கும்போது போடுகிற குறுக்கெழுத்து இல்லை. சனிக்கிழமைப் பத்திரிகையில், எவன் பார்க்கப்போகிறான் என்பதுபோல ஒரு மூலையில் அச்சாகுமே, அந்த ராட்சசன். ஒவ்வொரு குறிப்பும் ஒரு வாக்கியம். மேலே பார்த்தால் ஒரு கதை இருக்கும்: பாதிரியார் டீ குடிக்கிறார், மாமி பூனையைத் தேடுகிறாள். உள்ளே அதற்குச் சம்பந்தமே இல்லை. ஒரு சொல் ‘எழுத்துகளைக் கலை’ என்று சொல்லும், ஒன்று ‘தலையை வெட்டு’ என்று சொல்லும், ஒன்று ‘அதை இதற்குள் திணி’ என்று சொல்லும். எல்லாம் செய்து முடித்தால் பாதிரியாரும் இல்லை, பூனையும் இல்லை, ஏதோ ஒரு மீனின் பெயர் வந்து நிற்கும். கடைசியில், அடைப்புக்குறிக்குள், விடைக்கு எத்தனை எழுத்து என்று ஓர் எண். கஷ்டத்திலும் கஷ்டமான புதிர்களில் அந்த எண்ணைக்கூட மறைத்துவிடுவார்கள், பாவிகள்.

பெரில் முதல்முறை அந்த மேசையில் உட்கார்ந்தபோது இரண்டு மணி நேரத்தில் ஒரு விடைகூட வரவில்லை. அவமானத்தில் கோட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். மார்ஜரி கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

“எங்க போற கண்ணு? எனக்கு முதல் விடை வர ஆறு வாரம் ஆச்சு. கிளைவுக்கு ஒரு வருஷம்.”

“எட்டு மாசம்” என்றான் கிளைவ்.

“அவன் எண்ணி வச்சிருக்கான் பாரு. அத்தனை வலி.”

அந்த மேசைக்கு ஒரே ஒரு சட்டம். யாரும் யாருக்கும் விடையைச் சொல்லக் கூடாது. தள்ளிவிடலாம், அவ்வளவுதான். “மூணாவது வார்த்தையை இன்னொரு தடவை பாரு” என்று சொல்லலாம். இருமலாம். கூரையைப் பார்க்கலாம். விடையை வாய்விட்டுச் சொன்னால் எல்லோருக்கும் பீர் வாங்கித் தர வேண்டும், அதைவிட மோசம், மார்ஜரியின் வசவை வாங்க வேண்டும். இப்படித் தள்ளித் தள்ளியே பெரிலைத் தேற்றினார்கள். எழுத்துகளைக் கலைத்துப் பார்க்க வேண்டுமானால் வரிசையாக எழுதாமல் வட்டமாக எழுது என்று கிளைவ் காட்டிக் கொடுத்தான். சிவப்பு விளக்கில் நிற்கும்போது பஸ் கண்ணாடியின் ஆவியில் விரலால் வட்டம் போட்டு, பின்னால் இருப்பவன் ஹாரன் அடிக்கும்வரை யோசிக்கிற ஆள் அவன். மேலே தெரிகிற கதையை நம்பாதே என்று மார்ஜரி சொல்லிக் கொடுத்தாள். “சந்தையில மாடு விக்கிறவன் வயசு சொல்லுவான்ல, அந்த மாதிரி. தலையை ஆட்டு, நம்பாத. பல்லைப் பிடிச்சுப் பாரு.”

லயனல் சொல்லிக் கொடுத்தது ஒன்றுதான். “நல்ல குறிப்புல ஒரு வார்த்தைகூட சும்மா உக்காந்திருக்காது, பெரில். எல்லாத்துக்கும் வேலை இருக்கும். நீங்க கண்டுபிடிச்ச விடையில ஒரு வார்த்தை மிச்சம் நின்னா, விடை எவ்வளவு அழகா இருந்தாலும் தப்பு.”

அதோடு இன்னொன்றும் செய்தார். ஒவ்வொரு வாரமும் கிளம்பும்போது, கோட்டை மாட்டிக்கொண்டே பெரிலுக்கென்று தானே கட்டிய ஒரு குறிப்பை வாயால் சொல்லிவிட்டு, எண்ணிக்கையையும் சொல்லிவிட்டுப் போவார். அதை மனதில் போட்டு வாரம் முழுக்க உருளைக்கிழங்கோடு சேர்த்து மசிப்பாள் பெரில். அடுத்த வியாழன் விடை சொல்வாள். அவர் தலையை ஒரு பக்கம் சாய்த்து, “பிரமாதம்” என்பார். அந்த ஒரு ‘பிரமாதம்’ அவளுக்கு அடுத்த வியாழன் வரைக்கும் போதும். காதல் என்று அதற்குப் பெயர் வைக்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் அதுதான், வேறென்ன.

அதில்தான் வசந்த காலத்தில் ஒரு கூத்து நடந்துபோயிற்று. லயனல் கோட்டின் ஒரு கையை மாட்டிக்கொண்டே, “குளிரில் வாடும் தனியாள் ஒருவன் உங்கள் கையைக் கேட்கிறான்” என்றார். இன்னொரு கையை மாட்டக் கொஞ்சம் நேரமாகிவிட்டது. அந்த இடைவெளியில் பெரில், மூன்று பேர் முன்னால், தெள்ளத் தெளிவாக, “எனக்கு சம்மதம்” என்று சொல்லிவிட்டாள்.

“ஏழெழுத்து” என்றார் லயனல்.

விடை, குழந்தைகள் போடுகிற, விரல் பிரியாத கையுறை. மார்ஜரிக்குச் சிரித்துச் சிரித்து பீர் மூக்கு வழியாக வந்தது. கிளைவ் அகராதிக்குப் பின்னால் முகத்தை ஒளித்துக்கொண்டான், அகராதி குலுங்கியது. பெரிலும் சேர்ந்து சிரித்தாள். சிரிக்காமல் என்ன செய்ய? லயனல் மட்டும் சிரிக்கவில்லை, காது வரை சிவந்துபோய் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். அது அவளுக்கு இன்னும் வலித்தது. வீட்டுக்குப் போய்த் தலையணையில் முகத்தைப் புதைத்து, ‘இனிமேல் அந்த மனுஷன் வாயிலிருந்து வருகிற எதையும் மேலோட்டமாக நம்பினால் என்னைச் செருப்பால் அடி’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அன்றிலிருந்து அவள் கெட்டிக்காரி ஆகிவிட்டாள். வாக்கியத்தைக் கேட்ட மாத்திரத்தில் கதையைத் தூக்கி எறிந்துவிட்டு எலும்பை எண்ண ஆரம்பித்துவிடுவாள். கிளைவுக்கு முன்பே விடை வருகிற வாரங்களும் வந்தன. ஆனால் அவர் மனதில் தான் இருக்கிறோமா இல்லையா என்கிற புதிருக்கு மட்டும் ஓர் எழுத்தும் விழவில்லை.

இலையுதிர் காலத்தில் ஒரு வியாழன். அன்றைக்கு லயனல் தன் பீரில் பாதியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். கோட்டை மாட்டினார், பொத்தானைத் தப்பாகப் போட்டார், கழற்றி மறுபடி போட்டார். பிறகு பெரிலைப் பார்த்து, பாடம் ஒப்பிக்கிற பையன் மாதிரி ஒரே மூச்சில் சொன்னார்.

“சனிக்கிழமை காலை ரயில்ல விட்பிக்குப் போறேன். நீங்களும் வந்தீங்கன்னா எனக்கு சந்தோஷமா இருக்கும்.”

சொல்லிவிட்டு, கதவை நோக்கி ஓடாத குறையாகப் போய்விட்டார்.

இப்போது நியாயமாக என்ன நடந்திருக்க வேண்டும்? பெரிலுக்கு மயிர்க்கூச்செறிந்திருக்க வேண்டும். மார்ஜரி அவள் முதுகில் ஒரு தட்டுத் தட்டியிருக்க வேண்டும். எந்த ஊர் மேசையாக இருந்தாலும் அதுதான் நடந்திருக்கும். இந்த மேசையில் மூன்று பேரும் ஆளுக்கொரு பென்சிலை எடுத்தார்கள்.

“எத்தனை எழுத்துன்னு சொல்லலையே” என்றாள் பெரில்.

மார்ஜரி மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினாள். “சொல்லல. அந்த ஆள் வேணும்னே சொல்லல.”

“எண்ணிக்கை மறைச்ச வகை” என்றான் கிளைவ் பயபக்தியோடு. “உன்னைப் பெரிய வகுப்புக்கு ஏத்திட்டாரு பெரில்.”

பெரிலுக்கு நெஞ்சு விம்மியது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், ரயில், கடலோரத்து விட்பி, சந்தோஷம் என்ற சொற்கள் அவள் மனதில் வெறும் சொற்களாகவே வந்து நின்று இனித்தன. உடனே கையுறை ஞாபகம் வந்தது. அந்த இனிப்பைத் துப்பிவிட்டு, ‘போறேன்’ என்றால் எந்த எழுத்து போகிறது, ‘வந்தீங்கன்னா’ என்றால் எந்த எழுத்து உள்ளே வருகிறது என்று எழுத ஆரம்பித்தாள். அழுகை வருகிற மாதிரி இருந்தது, ஆனால் பென்சில் நிற்கவில்லை.

பப் மூடுகிற வரைக்கும் உட்கார்ந்தும் ஒன்றும் அசையவில்லை. மார்ஜரி ‘ரயில்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். கிளைவ் விட்பியைக் கலைத்து வட்டம் வட்டமாகப் போட்டு மேசையில் பீர்க் கோப்பைக்கு அடியில் வைக்கிற அட்டைகளை எல்லாம் நாசமாக்கினான். மறுநாள் பள்ளிச் சமையலறையில் பெரில் கஸ்டர்டில் உப்பைப் போட்டாள். பிள்ளைகள் அதையும் தின்றுவிட்டன, அதைப் பற்றிப் பள்ளியில் யாருக்கும் தெரியாது.

சனிக்கிழமை காலை பெரில் இரவு அங்கியோடு டோஸ்ட்டில் மார்மலேடு தடவிக்கொண்டிருந்தபோது வாசலில் மார்ஜரியின் பழைய வேன் வந்து முட்டாத குறையாக நின்றது. பின்னாலேயே கிளைவ் அகராதியைக் குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினான். வியாழக்கிழமை வரை காத்திருக்க அவனால் முடியவில்லை.

“கிடைச்சிருச்சு” என்றான். “ராத்திரி பல் விளக்கும்போது கிடைச்சுது. விட்பியில இருந்து ரெண்டெழுத்தை எடு, காலையோட தலையை வை, ரயிலைத் திருப்பிப் போடு, உன்னை உள்ள விடு.”

“என்னையா?”

“‘நீங்களும் வந்தீங்கன்னா.’ நீ உள்ள வரணும்ல.”

“சரி, என்ன வருது?”

கிளைவ் அகராதியைத் திறந்து மேசைமேல் வைத்து விரலால் காட்டினான். ஆட்டுக் குடலில் இருக்கும் ஒரு வகைப் புழு. பழைய ஸ்காட்லாந்துச் சொல்.

மூவரும் கொஞ்ச நேரம் அந்தப் புழுவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“நாற்பது வருஷம் ஆட்டுக் குடலுக்குள்ள கையை விட்டவ நான்” என்றாள் மார்ஜரி. “இந்தப் புழுவை நான் பார்த்ததும் இல்ல, கேட்டதும் இல்ல.”

“நீ பார்க்காட்டி அகராதியில இருக்காதா?”

“இருக்கட்டும். ஒரு பொம்பளைகிட்ட போய் எவனாவது ஆட்டுப் புழுவைச் சொல்லுவானா?”

“கையுறையைச் சொன்னாரே.”

பெரில் டோஸ்ட்டைக் கையில் வைத்துக்கொண்டே, ஒவ்வொரு சொல்லாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை, இதற்கு வேலை உண்டு. காலை, உண்டு. ரயில், விட்பி, போறேன், உண்டு, உண்டு, உண்டு. கொஞ்சம் இழுத்துப் பிடித்தால் ‘நீங்களும்’கூட உண்டு.

“‘சந்தோஷம்’ என்ன பண்ணுது?” என்றாள்.

கிளைவ் தலையைச் சொறிந்தான். “அது... அது சும்மா, ஒரு அழகுக்கு.”

“அழகுக்கு அவர் ஒரு வார்த்தைகூட போடமாட்டார்.”

“வயசாயிருச்சு கண்ணு” என்றாள் மார்ஜரி. “ஒரு வார்த்தை ஜாஸ்தியா விழுந்திருக்கும். அன்னிக்குப் பொத்தானையே தப்பாப் போட்டாரு, பார்த்தேல்ல.”

“போடமாட்டார்” என்றாள் பெரில் மறுபடியும். அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது, குரலில் அத்தனை பிடிவாதம். இந்த உலகத்தில் அவளுக்கு எதைப் பற்றியும் நிச்சயம் இல்லை. ஆனால் லயனல் ஹார்ட்லி ஒரு சொல்லைச் சும்மா உட்கார வைக்கமாட்டார் என்பது நிச்சயம். ‘சந்தோஷம்’ மிச்சம் நிற்கிறது என்றால் விடை தப்பு. அப்படியானால் எந்த விடையில் அந்தச் சொல்லுக்கும் சேர்த்து வேலை கிடைக்கும்? வாக்கியத்தை முதலிலிருந்து வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். சனிக்கிழமை காலை ரயில்ல விட்பிக்குப் போறேன். நீங்களும் வந்தீங்கன்னா எனக்கு சந்தோஷமா இருக்கும்.

சொல்லிக்கொண்டே வந்தவளின் குரல் கடைசிச் சொல்லில் காணாமல் போயிற்று.

“என்ன?” என்றாள் மார்ஜரி.

“எல்லா வார்த்தைக்கும் வேலை இருக்கு” என்றாள் பெரில்.

“எப்படி?”

“அப்படியே. அவர் சொன்னபடியே. சனிக்கிழமை காலையில, ரயில்ல, விட்பிக்குப் போறார். நான் வந்தா...” அதற்குமேல் சொல்ல வரவில்லை. “இன்னிக்கு சனிக்கிழமை, மார்ஜரி.”

 கிளைவ் தன் அகராதியை மெதுவாக மூடினான். மூன்று பேரும் அந்தப் பத்திரிகையின் ராட்சசனையே மூலையில் மடக்குகிறவர்கள். எல்.கே.ஜி. பிள்ளைக்குப் புரிந்திருக்கும் ஒரு வாக்கியத்தை இரண்டு நாளாகக் குடைந்து ஆட்டுப் புழு எடுத்திருக்கிறார்கள்.

“ஐயோ, நாமெல்லாம் மனுஷங்களா?” என்றாள் மார்ஜரி. “வண்டியில ஏறு.”

பெரில் இரவு அங்கியைக் கழற்றக்கூட இல்லை, அதற்கு மேலேயே கோட்டை மாட்டிக்கொண்டாள். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை, ஆனாலும் எப்படியோ வேனுக்குள் இருந்தாள். ஊருக்கு வெளியே இருக்கும் ஸ்டேஷனுக்கு அவர்கள் போய்ச் சேரவும், இரண்டே பெட்டி கொண்ட அந்த ரயில் நகரவும் சரியாக இருந்தது. வேலிக்கு மேலாக அதன் முதுகு மட்டும் தெரிந்தது. அடுத்த ரயில் மத்தியானத்துக்கு அப்புறம்தான்.

பெரிலுக்கு அழக்கூடத் தோன்றவில்லை. ‘நான் வரவில்லை. அதுதான் என் பதில் என்று நினைத்துக்கொள்வார். இனிமேல் அந்த மனுஷன் ஆயுசுக்கும் வாயைத் திறக்கமாட்டார்’ என்று மட்டும் தோன்றியது. அது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. இரண்டாவது தடவை கேட்கிற ஆள் இல்லை லயனல்.

“பேட்டர்ஸ்பி” என்றான் கிளைவ் பின்னாலிருந்து.

“என்ன?”

“பேட்டர்ஸ்பியில தண்டவாளம் முடிஞ்சிரும். டிரைவர் இறங்கி, இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடிக்கு நடந்து போய்த்தான் வண்டியைப் பின்பக்கமா ஓட்டி விட்பிப் பாதையில ஏத்தணும். அஞ்சு நிமிஷமாவது நிக்கும். விடு வண்டியை.”

மார்ஜரி விட்டாள். அவள் ஓட்டுவதைப் பற்றி ஊரில் தனிக் கதைகள் உண்டு, பிரசவ வலியில் இருக்கிற பசுவுக்காக ஓட்டிப் பழகியவள். வேலிகள் இரண்டு பக்கமும் பின்னால் பறந்தன. வேனுக்குள் கிருமிநாசினியும் ஈர நாயும் கலந்த வாசனை. ஒரு டிராக்டர் குறுக்கே வந்தது. மார்ஜரி ஜன்னலை இறக்கி, ஓட்டுகிறவனைப் பெயர் சொல்லி, அவன் அப்பா பெயரையும் சொல்லி, ஒதுங்கச் சொன்னாள். இருபத்தாறு வருடம் ஒரு கீறல் இல்லாமல் பஸ் ஓட்டிய கிளைவ் கண்ணை இறுக மூடிக்கொண்டு, “வளைவு, மார்ஜரி, அது வளைவு” என்று முனகிக்கொண்டே வந்தான். பெரிலுக்குத் திடீரென்று சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியாத சிரிப்பு. ஐம்பத்தெட்டு வயதில், இரவு அங்கியோடு, கையில் பாதி டோஸ்ட்டோடு, ஒருவருக்குச் சந்தோஷம் கொடுக்கப் போகிறோம் என்று நினைக்க நினைக்கச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“சிரிக்காத” என்றாள் மார்ஜரி, தானும் சிரித்துக்கொண்டே. “கை ஆடுது.”

பேட்டர்ஸ்பியில் ரயில் நின்றுகொண்டிருந்தது. டிரைவர் பையைத் தோளில் போட்டுக்கொண்டு பிளாட்பாரத்தில் அந்தக் கோடியை நோக்கி நடந்துகொண்டிருந்தார், இளவயதுக்காரர். மார்ஜரி வேனிலிருந்து பாதி உடம்பை வெளியே நீட்டினாள்.

“தம்பி, கொஞ்சம் மெதுவா நட.”

அவர் திரும்பிப் பார்த்தார். கோட்டுக்குக் கீழே இரவு அங்கி தெரிய, கையில் டோஸ்ட்டோடு ஸ்டேஷன் வாசலைத் தாண்டி ஓடி வருகிற பெண்மணியைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. சர்ச்சில் மெழுகுவர்த்தி ஏந்திப் போகிறவர் மாதிரி, ஒவ்வோர் அடியாக எடுத்து வைத்து, போதாததற்கு நடுவில் குனிந்து இறுக்கமாக இருந்த ஷூ நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினார். அவர் நன்றாக இருக்கட்டும்.

லயனல் இரண்டாவது பெட்டியில், ஜன்னல் ஓரமாக, கழுத்துப் பட்டி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெரில் அவரை டை கட்டிப் பார்த்ததே இல்லை. மடியில் அன்றைய பத்திரிகை, விரலில் பேனா. பக்கத்து இருக்கையில் இரண்டு பேருக்குப் போதுமான சாண்ட்விச் பொட்டலம். புதிரில் ஒரு கட்டம்கூட நிரம்பியிருக்கவில்லை. அவள் எதிரே வந்து நின்றதும் அவர் எழுந்திருக்கப் பார்த்தார், பத்திரிகை நழுவியது, பேனா நழுவியது, மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

“மன்னிச்சுக்கோங்க” என்றாள் பெரில் மூச்சிரைக்க. “நாங்க ரெண்டு நாளா அதுக்கு விடை தேடிட்டிருந்தோம்.”

“எதுக்கு?”

“நீங்க சொன்னதுக்கு.”

லயனல் விழித்தார். “அது குறிப்பு இல்லையே, பெரில். குறிப்பு இல்லைன்னு உங்களுக்குத் தெரியணும்னுதான் எண்ணிக்கை சொல்லல.”

“எண்ணிக்கை சொல்லாததாலதான் ரொம்பக் கஷ்டமானதுன்னு நினைச்சோம்.”

“விடை வந்துதா?”

“ஆட்டுப் புழு.”

அவர் அவளைப் பார்த்தார். வாய் கோணியது. பிறகு அந்த நீளமான மௌனக்காரர், பெட்டியில் இருந்த மற்ற நாலு பேரும் திரும்பிப் பார்க்கும்படி, தோள் குலுங்கச் சிரித்தார். பெரிலும் சேர்ந்துகொண்டாள். சிரிப்பு ஓயவில்லை; ஓய்ந்தது என்று நினைத்தால் ஒருவர் ‘புழு’ என்பார், மறுபடி ஆரம்பித்துவிடும். அதற்குள் ரயில் கிளம்பி வந்த வழியிலேயே நகர்ந்தது. ஜன்னலுக்கு வெளியே மார்ஜரி இரண்டு கையையும் ஆட்டினாள், கிளைவ் அகராதியைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினான்.

சிரிப்பு ஒருவழியாக அடங்கியபோது லயனலின் கண் கலங்கியிருந்தது. “எனக்கு நேரா பேச வராது” என்றார். “என் பெண்டாட்டி இருந்தப்பவே வராது. அவ கண்டுபிடிச்சுக்குவா. ரெண்டு நாள் கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிச் சொல்லிப் பார்த்தேன், பெரில். ஒரு வளைவு இல்லாம ஒரே ஒரு வாக்கியம். அதுவும் உங்க மூணு பேர்கிட்டயும் நிக்கல. எய்ட்டன் ஸ்டேஷன்ல கதவு மூடினப்போ, சரி, பதில் வந்திருச்சுன்னு நினைச்சேன்.”

 தான் எத்தனை கெட்டிக்காரியாகிவிட்டோம், அதனால் எதை இழக்கப் பார்த்தோம் என்பது பெரிலுக்கு அப்போதுதான் முழுதாக உறைத்தது. கீழே கிடந்த பத்திரிகையை எடுத்தாள், நாலாக மடித்தாள், தலைக்கு மேலே சாமான் வைக்கிற தட்டில் போட்டாள். சாண்ட்விச்சை நகர்த்திவிட்டு அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

“விட்பி வர இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு” என்றாள். “அதுவரைக்கும் நேரா பேசுங்க.”

“என்னத்தைப் பேச?”

“எதையாவது. வாயில வர்றதை.”

 லயனல் ஆரம்பித்தார். இடது முழங்கால் வலிக்கிறது என்றார். பட்டாணி பிடிக்காது என்றார். இந்த டையை நேற்றுத்தான் வாங்கினேன், கழுத்தை இறுக்குகிறது என்றார். வீட்டில் சாயங்காலம் விளக்குப் போட மனசே வருவதில்லை, யாருக்காகப் போட என்றார். வியாழக்கிழமை மட்டும் போடுவேன், ஏனென்றால் திரும்பி வரும்போது உங்களைப் பற்றி நினைத்துக்கொண்டே வருவேன், இருட்டில் இடித்துக்கொள்ளக் கூடாதே என்றார். சொற்கள் முதலில் முட்டி மோதி ஒவ்வொன்றாக வந்தன, பிறகு வரிசையாக வந்தன. வெளியே மலைச்சரிவில் ஆடுகள் மேய்ந்தன, ஆறு தண்டவாளத்துக்கு அடியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறி ஓடியது. பெரில் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சொன்ன ஒவ்வொன்றையும் அவள் அப்படியே நம்பினாள்.